பெண்ட் பைப்பின் பூச்சு ஏன் உரிகிறது?

மோட்டார் சைக்கிளின் சைலன்சரை இன்ஜினோடு இணைக்கும் வளைந்த குழாய்க்குக் கடையில் கிடைத்த கறுப்பு எனாமலை ஆசையோடு அடித்துவிட்டு, மறுவாரமே அது கருகி உரிவதைக் கண்டு பெயிண்ட் விற்றவரைச் சபிக்கிறவர்கள், உண்மையான குற்றவாளி உஷ்ணமே என்பதை உணர்வதில்லை. சாதாரண எனாமலைப் பிடித்து நிறுத்தும் பிசின் சுமார் 200 டிகிரி சென்டிகிரேடைத் தாண்டினால் சிதைந்துவிடுகிறது. இன்ஜின் வாயருகே அக்குழாயோ 400 டிகிரிக்கு மேலும் காயக்கூடியது. துத்தநாக முலாமும் உதவாது. சுமார் 420 டிகிரியில் துத்தநாகமே உருகிவிடுமே!

சிலிக்கோன் பிசினில் அலுமினியப் பொடி கலந்த பூச்சு ஏறத்தாழ 600 டிகிரி வரை தாங்குவதன் ரகசியம் விசித்திரமானது. அப்பிசினின் மூலச் சங்கிலி சிலிக்கனும் பிராணவாயுவும் மாறிமாறிக் கோத்ததாதலால், படிப்படியாகச் சூடேற்றுகையில் அதைச் சார்ந்த கரிமப் பகுதிகள் எரிந்துபோனாலும், கண்ணாடியை ஒத்த வலைப்பின்னலொன்று உலோகத்தைப் பற்றிக்கொண்டு எஞ்சுகிறது. சூட்டில் இரும்பு விரியும்போது கனத்த பூச்சு அதனோடு இசையாமல் வெடிக்குமாகையால், மெல்லியதாக இரண்டு முறை பூசுவதே விவேகம். செராமிக் பூச்சு இன்னும் உயர்ந்ததுதான். ஆனால் நூறு சிசி வண்டிக்கு அது ஆடம்பரம் என்பது என் அபிப்பிராயம். எதைப் பூசினாலும், முதலில் துருவையும் எண்ணெய்ப் பிசுக்கையும் அடியோடு நீக்கிவிடுங்கள்.