கார் எஞ்சின் உதறுகிறதா? ஊகத்தில் சாமான் வாங்காதீர்கள்!

மும்பைச் சாலைகளில் இருந்து பிரீமியர் பத்மினி டாக்சிகள் 2023 அக்டோபரில் விடைபெற்றன. அந்த வண்டி திக்கினால் டிரைவரே பானெட்டைத் திறப்பார். கார்புரேட்டரைத் துடைப்பார். பாயிண்ட்டை உப்புத்தாளால் தேய்ப்பார். வண்டி கிளம்பிவிடும்.

இன்றைய கார் அப்படி அல்ல. பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்று தீர்மானிப்பது ஒரு சிறு கம்ப்யூட்டர். எஞ்சின் உதறினால் மஞ்சள் விளக்கு எரியும். கடனில் டாக்சி வாங்கியவருக்கும், செகண்ட் ஹாண்ட் கார் வாங்கிய குமாஸ்தாவுக்கும் வயிறு கலங்கும். "காயில் போச்சு, இன்ஜக்டர் போச்சு" என்று ஒவ்வொன்றாக மாற்றுவார்கள். பணம் போகும், உதறல் போகாது!

முதலில் பாட்டரி

இரவு முழுவதும் நின்ற காரில் நல்ல பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். எஞ்சின் ஓடும்போது பெரும்பாலான கார்களில் 13.5 முதல் 14.5 வரை இருக்கும். ஏறவில்லை என்றால் சார்ஜ் ஆகவில்லை என்று சந்தேகிக்கலாம்.

மழைக்காலத்தில் எர்த் ஒயரின் முனை துருப்பிடிக்கும். அப்போது சம்பந்தம் இல்லாத பல விளக்குகள் ஒரே சமயத்தில் எரியலாம். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் மைனசிலும், மறு முனையை எஞ்சினின் வெறும் உலோகத்திலும் வைத்து ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் இணைப்பைச் சுத்தம் செய்து இறுக்குங்கள். கம்ப்யூட்டரைக் குறை சொல்வதற்கு முன் இதைச் செய்ய வேண்டும்.

கோட் சொல்வது என்ன?

ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள 16 முனை சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகினால் கோட் தெரியும். 'பி-0301' என்றால் முதல் சிலிண்டரில் மிஸ்ஸிங் என்று பொருள். காயில் கெட்டது என்று பொருள் அல்ல! பிளக், காயில், இன்ஜக்டர், ஒயர், கம்ப்ரஷன் இவற்றில் எதுவும் காரணமாக இருக்கலாம்.

ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனிக் காயில் உள்ள கார் என்றால் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. எஞ்சினை நிறுத்தி, முதல் காயிலையும் இரண்டாவதையும் இடம் மாற்றுங்கள். கோடை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். 'பி-0302' வந்தால் காயில்தான் குற்றவாளி. மீண்டும் 0301 வந்தால் காயில் மீது பழி போடாமல் அடுத்ததைப் பாருங்கள்.

சி.என்.ஜி.யில் திக்கி, பெட்ரோலில் ஒழுங்காக ஓடுகிறதா? முதலில் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். கியாசைப் பற்றவைக்க அதிக வோல்டேஜ் தேவை. தேய்ந்த பிளக் அங்கேதான் முதலில் தோற்கும். பிளக் நன்றாக இருந்தால் கியாஸ் கிட்டைச் சோதிக்கலாம்.

இவற்றைச் செய்யாதீர்கள்

எஞ்சின் ஓடும்போது பாட்டரி ஒயரைக் கழற்றிப் பார்ப்பது பழைய பழக்கம். இன்றைய காரில் அப்படிச் செய்தால் வோல்டேஜ் திடீரென எகிறி கம்ப்யூட்டரையே கெடுத்துவிடும்.

மஞ்சள் விளக்கு விட்டு விட்டு மின்னினால் வண்டியை ஓரம் கட்டுங்கள். எரியாத பெட்ரோல் புகைக்குழாயில் உள்ள கேடலிடிக் கன்வர்ட்டருக்குப் போய் அதைச் சூடேற்றிக் கெடுக்கும். அதன் விலை பிளக்கைப் போலப் பல மடங்கு!

ஒர்க்‌ஷாப்பில் தயங்காமல் கேளுங்கள்: "என்ன கோட் வந்தது? எதைச் சோதித்துப் பார்த்தீர்கள்?" கழற்றிய பழைய சாமானையும் கேட்டு வாங்குங்கள். சோதித்துச் சொல்லும் மெக்கானிக்குக் கூலி கொடுக்கத் தயங்க வேண்டாம். தேவையில்லாத சாமானுக்குக் கொடுப்பதைவிட அது குறைவாகவே இருக்கும்.