கேட்டற்குரிய வேரிசைத் தட்டுக்கள்

அமெரிக்காவில் 'ரூட்ஸ்' என்றும் 'அமெரிக்கானா' என்றும் வழங்கும் இசைவகையை வேரிசை என்று தமிழாக்கினால் பொருள் பெரிதும் வழுவாது. மலைநாட்டுக் குடியானவரின் பிடில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆபிரிக்கரின் பாஞ்சோ, பருத்தி வயல்களில் பிறந்த புளூஸ், தேவாலயப் பாடல் ஆகிய யாவும் ஒன்றோடொன்று பின்னி வளர்ந்தது அது. 1960களின் பிற்கூற்றில் மின்கித்தார் ஏந்திய இளைஞர் சிலர் இப்பழம் பாடல்களிடம் மீண்டும் சென்றபோது 'ரூட்ஸ் ரொக்' என்னும் கிளை தோன்றிற்று. 'த பாண்ட்' என்னும் குழுவினர் 1968இல் வெளியிட்ட முதல் தட்டு அதற்கு நல்ல சான்று. 1999இல் நாஷ்வில் நகரில் இவ்விசைக்கென ஒரு சங்கம் அமைந்தது. 2010 முதல் கிராமிப் பரிசிலும் தனியிடம் கிடைத்தது. பரிசில் வந்தபின் வேர் எது, வேர்போல் எழுதிய சித்திரம் எது என்று பிரித்தறிதல் சற்றுக் கடினமாயிற்று என்பதும் உண்மை.

பிரித்தறிய நாம் கைக்கொள்ளும் அளவுகோல் ஒன்றே. பாடுவோர் யாரிடம் கற்றனர் என்று கேட்பதே அது. தமிழாசிரியர்களாகிய நமக்கு இக்கேள்வி புறத்தே நிற்பதன்று. நாட்டார் பாடலை நாம் வகுப்பறையில் நூலிலிருந்து கற்பிக்கின்றோம். நூலிலே சொல் உண்டு, மெட்டு இல்லை.

அண்மையில் வெளிவந்தவற்றுள் முதற்கண் கேட்கவேண்டியது ரியானன் கிடென்ஸ், ஜஸ்டின் ரொபின்சன் இருவரும் 2025இல் வெளியிட்ட தட்டாகும். 'கரும்பறவை காகத்திடம் என்ன சொன்னது' என்பது அதன் பெயரின் பொருள். கிடென்ஸ் வட கரோலினா மாநிலத்தவர். ஓபெர்லின் இசைக் கல்லூரியில் ஒபெரா பயின்றவர். நம்மூர் நிலையில் வைத்துச் சொன்னால், கருநாடக இசையில் பட்டம் பெற்ற ஒருவர் எனலாம். அத்தகையவர் 2005ஆம் ஆண்டு முதல், வியாழன் தோறும் நண்பர் ரொபின்சனோடும் டொம் ஃபிளெமன்ஸோடும் கூடி, ஜோ தொம்சன் என்னும் முதிய கறுப்பினப் பிடில்காரரின் வீட்டு வாயிலில் போய் அமர்ந்தார். தொம்சன் 1918இல் பிறந்து 2012இல் மறைந்தவர். தம் குடும்பத்தார் வழிவழி வாசித்த மெட்டுக்களை அம்முறையிலேயே வாசிக்க வல்ல கடைசி ஒரு சிலருள் ஒருவர் அவர். அவர் ஏடு திறந்து பாடம் சொன்னாரல்லர். வாசித்தார்; இவர்களும் கூட வாசித்தார்கள். பிழைத்த இடத்தில் மீண்டும் தொடங்கினார்கள். நம் அண்ணாவிமார் மத்தளம் பழக்கும் முறையும் இதுவன்றோ!

இந்தப் பதினெட்டு உருப்படிகளையும் அவர்கள் ஒலிப்பதிவுக் கூடத்தில் பதியவில்லை. தொம்சனின் வீட்டருகிலும், எட்டா பேக்கர் என்ற கித்தார்க் கலைஞரின் வீட்டருகிலும், முன்னர் அடிமைகள் உழைத்த ஒரு பண்ணை மாளிகையிலும் திறந்த வெளியில் அமர்ந்து வாசித்தனர். ஆதலின் பறவைகளின் குரலும் சிள்வண்டின் இரைச்சலும் இசையோடு சேர்ந்தே கேட்கின்றன. 1803க்குப் பின் 2024இலேதான், பதின்மூன்றாண்டுக்கு ஒருமுறை வெளிவரும் குறிப்பிட்ட சிள்வண்டுக் கூட்டம் ஒன்றும் குறிப்பிட்ட பதினேழாண்டுக் கூட்டம் ஒன்றும் ஒருசேர மண்ணைவிட்டு எழுந்தன. அவ்வாண்டின் ஓசை தட்டில் தங்கிவிட்டது. (நம் வாவியில் பாடும் மீன் எழுப்பும் ஓசையை 1950களில் ஒலிப்பதிவு செய்தவரும் அமெரிக்கரே, லாங் அடிகளார் என்னும் யேசுசபைத் துறவி.) முதல் தடவை கேட்கையில் எல்லாம் ஒரே மெட்டாகத் தோன்றலாம். மூன்றாந் தடவை, பிடில் முன்செல்லப் பாஞ்சோ அதைத் துரத்துவதும், இடையில் இரண்டும் இடம் மாறுவதும் செவிக்குப் புலப்படும். மாணவர்கள் கிடென்ஸின் பாஞ்சோவை ஏற்கெனவே கேட்டிருத்தலுங் கூடும். பியொன்ஸே 2024இல் பாடிப் புகழ்பெற்ற 'டெக்ஸஸ் ஹோல்ட் எம்' பாட்டின் தொடக்கத்தில் ஒலிப்பது அவர் கைவிரலே.

பிறப்பினாலேயே வேர் அமையும் என்று எண்ணுவோர்க்கு மறுமொழியாக மற்றொரு தட்டு உண்டு. கிலியன் வெல்ச் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில் வளர்ந்தவர். மலைநாட்டுக் குடியானவர் அல்லர். பழைய இசைத்தட்டுக்களே அவருக்கு ஆசான். 'நகரத்துப் பெண்ணுக்கு நாட்டுப்பாட்டு எதற்கு' என்ற ஏச்சுக்கும் தொடக்கத்தில் ஆளானவர். அவரும் டேவிட் ரோலிங்சும் 2024இல் வெளியிட்ட 'வுட்லண்ட்' என்பது அவர்களுடைய ஒலிப்பதிவுக் கூடத்தின் பெயர். 2020 மார்ச்சில் வீசிய சுழற்காற்று அதன் கூரையைச் சிதைத்தது. இருவரும் இரவோடிரவாக ஒலிநாடாக்களை மழையினின்றும் காத்தனர். இரண்டு குரல், இரண்டு கித்தார், ஆங்காங்கே மெல்லிய துணைக்கருவிகள். சோகம் மிகுதிதான், ஒரே அமர்வில் முழுவதையும் கேட்கவேண்டுவதில்லை.

இனித் தமிழுக்கு வருவோம். சென்னையில் 2018 சனவரியில் அரங்கேறிய 'த காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழு, கானாவையும் பறையையும் மின்கித்தாரோடு இணைத்து, 'ரூட்ஸ் ரொக்' என்னும் தொடருக்குத் தமிழில் பொருள் காட்டிற்று. அதில் பாடிய அறிவு 2024இல் 'வள்ளியம்மா பேராண்டி' என்ற தட்டை வெளியிட்டார். வள்ளியம்மா அவருடைய பாட்டி. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துப் பின் தமிழகம் திரும்பியவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. அவ்வெண்ணை நாம் வரலாற்றுப் பாடத்தில் மனனஞ் செய்விக்கின்றோம். எண்ணுக்குள்ளிருந்த மனிதரின் குரலைப் பேரன் பாட்டில் கேட்கலாம். ஒப்பாரியின் இழுவையும் கூற்றிசையின் விரைவும் அவரிடம் ஒன்றையொன்று கெடுப்பதில்லை. பொறியில் அமைத்த தாளம் சிலவிடத்துச் சொல்லை மூழ்கடிக்கின்றது என்பது நம் குறை. எனினும் பாட்டியிடம் கற்ற பேரன் என்ற வகையில் நம் அளவுகோலுக்கு இவர் தப்பவில்லை.

மட்டக்களப்புக்கென ஒரு வேரிசைத் தட்டு உண்டா என்று கேட்பார்க்கு, உண்டு என்றே விடை கூறலாம். ஆயின் அது தமிழன்று. போர்த்துக்கேயர் இங்கே 1628இல் கோட்டை கட்டினர். பத்தாண்டில், 1638இல், ஒல்லாந்தரிடம் இழந்தனர். கோட்டை போயினும் மொழி போகவில்லை. நம் பறங்கியர் இல்லங்களில் அது கலப்பு மொழியாய்த் தங்கிற்று. தச்சும் கொல்லும் செய்து வாழ்ந்த அம்மக்களின் மணவீடுகளில் கஃபிரிஞ்ஞா ஆட்டமும் வயலின் இசையும் தங்கின. கென்னத் டேவிட் ஜாக்சன் என்ற அமெரிக்கப் பேராசிரியர் அதனைத் தேடிவந்து பதிவுசெய்தார். 1998இல் லிஸ்பன் நகர்க் கண்காட்சியை ஒட்டி வெளியான தொகுதியில், 'பைலா செய்லாவ் கஃபிரிஞ்ஞா' என்ற பெயரில் அது ஒரு தட்டாயிற்று. அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஊகோ கார்டோசோ குழுவினரும் அம்மொழியையும் பாட்டையும் ஆவணப்படுத்தியுள்ளனர். 2004 ஆழிப்பேரலை டச்பார்க் கரையை அழித்ததை நினைந்து கேட்பவர்க்கு, அத்துள்ளல் தாளம் வெறும் துள்ளலாக மட்டும் கேளாது.

நம் பாடல்களுக்கோ ஏடுகள் உள்ளன. தி. சதாசிவ ஐயர் 1940இல் 'மட்டக்களப்பு வசந்தன் கவித்திரட்டு' பதிப்பித்தார். வி. சீ. கந்தையா 1964இல் 'மட்டக்களப்புத் தமிழகம்' எழுதினார். இரண்டும் பொன்போற் போற்றத்தக்கன. எனினும் வசந்தன் கோலடியின் வேகத்தை எழுத்தில் எவ்வாறு காண்பது? காரைதீவில் பிறந்த விபுலானந்த அடிகள் பழந்தமிழ் யாழின் சுரங்களைச் சிலப்பதிகார வரிகளிலிருந்தும் உரைகளிலிருந்தும் கணக்கிட்டு மீட்க ஆண்டு பலவாக உழைத்தார். 1947 யூனில் 'யாழ்நூல்' அரங்கேறிற்று. யூலையில் அவர் மறைந்தார். கேட்ட செவி ஒன்றேனும் எஞ்சியிருந்தால் அத்துணைக் கணக்கு வேண்டியிருந்திராது.

கூத்தின் வடமோடி, தென்மோடிப் பாடல்களுக்குப் பல்கலைக்கழகத்தாரும் பேராசிரியர் மௌனகுரு போன்றோரும் துணை நின்றமையால் அவை மேடையில் வாழ்கின்றன. கண்ணகியம்மன் குளுத்திப் பாடலுக்கு வைகாசிச் சடங்கு காவல். காவலற்றது வயற்பாட்டு. எனவே இவ்வூரில் ஒரு தட்டு எழுமானால் முதலில் வைக்கவேண்டியது களவெட்டியின் பொலிப்பாட்டே. சூடு மிதித்த எருமைக் கடாக்களைத் தூண்டவும் பொலியை வாழ்த்தவும் பாடியது அது. அக்களத்துக்கெனத் தனிச் சொற்களும் இருந்தன. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியபின் அப்பாட்டுக்குத் தொழில் இல்லை. தொழிலோடு சேர்த்து அதனைப் பாடியவர்கள் இன்று முதியோர். அவர்கள் பேரர்களின் சட்டைப்பையில் ஒலிப்பதிவுக் கருவி கைத்தொலைபேசியாகவே இருக்கின்றது.