மஸ்கி: விடக் கற்றபின் பிடிக்கலாம்

வட அமெரிக்காவின் ஏரிகளிலும் ஆறுகளிலும் மஸ்கி என்றொரு நன்னீர் மீன் இருக்கிறது. நீண்ட உடல், தட்டையான முகம், வாய் நிறையக் கூர்ப்பற்கள். நான்கடிக்கு மேலும் வளரும். 1949இல் விஸ்கான்சினில் கால் ஜான்சன் பிடித்தது 67 பவுண்டுக்கு மேல் இருந்தது. டொராண்டோவில் வாழும் நம்மவர்களுக்கு இது எட்டாத மீனும் இல்லை. கவார்த்தா ஏரிகளில் மஸ்கி உண்டு. முதன்முதலாகப் போகிறவர் எங்கிருந்து தொடங்குவது என்று சேர்ந்து பார்ப்போம்.

‘பத்தாயிரம் வீச்சு மீன்’ என்று அங்கே இதைச் சொல்வார்கள்; ஒன்று கிடைக்க அத்தனை முறை வீச வேண்டுமாம். மற்ற மீன்களைத் தின்று வாழும் பெரிய மீன் என்பதால் எண்ணிக்கையில் குறைவு. நீர்ப்பூண்டுகள் முடியும் ஓரத்திலும் பாறைச் சரிவிலும் அசையாமல் பதுங்கி, பக்கத்தில் வருவதை ஒரே பாய்ச்சலில் கவ்வும். ஏரி முழுக்க வீசாமல் அந்த ஓரங்களைத் தேடி வீசுவதே முதல் பாடம்.

அடுத்தது கருவி. எட்டடிக்குக் குறையாத கனத்த கோல், 80 பவுண்டு தாங்கும் பின்னல் நூல், பல்லில் அறுபடாதிருக்க நுனியில் ஓரடிக் கம்பி. இரைக்கு ‘பக்டெய்ல்’ போதும்: சுழலும் தகடும் முடிக்கற்றையும் சேர்ந்த பொய் இரை. வீசிவிட்டுச் சீராகச் சுற்றி இழுத்தாலே வேலை செய்யும்.

இவ்வளவு தடித்த நூல் எதற்கு? மீன் முரடு, அறுத்துக்கொண்டு ஓடிவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். மஸ்கிக்கு வலிமை உண்டு. தாங்கும் சக்திதான் குறைவு. அதன் தசை குறுகிய பாய்ச்சலுக்கென்றே அமைந்தது. மெல்லிய நூலில் வெகுநேரம் இழுத்துக் களைக்கவைத்தால், தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிடும். மஸ்கியைப் பிடித்தவர்கள் பெரும்பாலும் திரும்ப நீரில் விட்டுவிடுவார்கள்; அப்படி நன்றாக நீந்திப் போன மீன்கூடப் பிறகு செத்துப்போகலாம். போராட்டத்தைச் சீக்கிரம் முடித்து மீனைப் பிழைக்கவிடவே முக்கியமாகக் கனத்த நூல்.

கோடையில் இன்னும் கவனம் தேவை. சூடேறிய சோடாவில் வாயு தங்காதது போல, வெதுவெதுப்பான ஏரி நீரில் ஆக்சிஜன் குறைந்துவிடும். களைத்த மீன் மூச்சு தேறாது. நீர் 27 டிகிரி செல்சியஸை நெருங்கினால் அனுபவசாலிகள் மஸ்கிக்குப் போவதையே நிறுத்திவிடுவார்கள்.

ஆகவே இரைகளைச் சேர்க்கும் முன் விடுவிக்கும் கருவிகளை வாங்குவோம்: ரப்பர் பூசிய பெரிய வலை, நீள்மூக்குக் குறடு, தூண்டில் முள்ளை நறுக்கும் கட்டர். வலைக்குள் மீன் நீரிலேயே இருக்கட்டும். அங்கேயே முள்ளை எடுப்போம், வராவிட்டால் நறுக்கிவிடுவோம். படம் வேண்டுமென்றால் இரு கைகளாலும் கிடைமட்டமாகத் தாங்கி, சில நொடிகளில் நீரில் விட்டுவிட வேண்டும். மிகப் பெரியவை பெரும்பாலும் பெண் மீன்கள்; அவ்வளவு வளரப் பதினைந்து ஆண்டுகளுக்கு மேலும் ஆகலாம்.

ஒரு நுட்பத்தை முதல் நாளே பழகிக்கொள்ளலாம். மஸ்கி இரையைப் படகுவரை பின்தொடர்ந்து வந்துவிட்டுத் திரும்பிவிடும். எனவே வீச்சு முடிந்ததும் இரையை வெளியே தூக்காமல், கோல் நுனியை நீருக்குள் விட்டு அகலமாக 8 போடுவோம். அந்த வளைவில் பாயும் மீன்கள் பல.

ஒன்டாரியோவில் இருவகை மீன்பிடி உரிமங்கள் உண்டு. ‘கன்சர்வேஷன்’ உரிமத்தில் மஸ்கியை வைத்துக்கொள்ள அனுமதி இல்லை. தொடங்குபவருக்கு அதுவே போதும். எந்த நாட்களில் பிடிக்கலாம் என்பதை அரசின் விதிகளில் பார்த்துக்கொண்டு, முதல்முறை ஒரு வழிகாட்டியின் படகில் போங்கள். அவர் வீசுவதைவிட விடுவிப்பதை உற்றுப் பாருங்கள்.