துடுப்பும் உயிர்ப்பும்

சேர்வராயன் மலைமீது அமைந்துள்ள வெள்ளக்கடை போன்ற சிற்றூர்களின் மாணவர்க்குப் படகு என்றதும் நினைவில் எழுவது ஏற்காட்டு ஏரியே. அங்கே சுற்றுலா வருவோர் பொழுதுபோக்காகத் துடுப்பு வலிப்பதை அவர்கள் கண்டிருப்பர். அதே துடுப்பு, ஒலிம்பிக் போட்டியில் மனித உடலின் ஆற்றலை எல்லைவரை சோதிக்கும் கருவியாகிறது. அவ்வெல்லையை அளந்து வீரரை நெறிப்படுத்தும் அறிவியல் துறையும் உண்டு. துடுப்புப் படகோட்டத்தின் உடலியங்கியல் எனப்படும் அத்துறையை அறிமுகப்படுத்துவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கையா, காலா?

படகோட்டம் கைவலிமையைச் சார்ந்தது என்பது பொதுவான எண்ணம். அது முழு உண்மையன்று. போட்டிப் படகின் இருக்கை சிறு சக்கரங்களின்மேல் முன்னும் பின்னும் நகரக்கூடியது. வீரர், படகு செல்லும் திசைக்கு முதுகு காட்டி அமர்ந்து, பாதங்களை ஊன்றி, முதலில் கால்களால் உந்துகிறார். அடுத்து உடல் பின்னோக்கிச் சாய்கிறது. இறுதியிலேயே கைகள் துடுப்பை நெஞ்சருகே இழுக்கின்றன. இவ்வாறு உடலின் பெருந்தசைகள் யாவும் ஒருங்கே உழைப்பதால், அவற்றுக்கு வேண்டிய உயிர்வளியும் மிகுதியாகிறது. 2,000 மீட்டர் தொலைவைப் படகின் வகைக்கேற்ப ஏறத்தாழ ஐந்தரை முதல் ஏழரை நிமிடங்களில் கடப்பர். அதற்குள் இருநூறு முறைக்கு மேல் துடுப்பு வலிக்க வேண்டும்.

இவ்வுழைப்புக்கான ஆற்றல் எங்கிருந்து வருகிறது? அமெரிக்காவின் ஒஹாயோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ஃபிரிட்ஸ் ஹாகர்மன் இவ்வினாவிற்கு விடைகாண முயன்றவருள் முதன்மையானவர். அவரும் அவர்தம் குழுவினரும் படகோட்ட வீரர்களைத் துடுப்புப் பயிற்சிப் பொறியில் ஆறு நிமிடங்கள் உழைக்கச் செய்து, அவர்கள் விடும் மூச்சைச் சேகரித்து ஆராய்ந்தனர். 1978இல் வெளிவந்த அவ்வாய்வின்படி, ஆற்றலில் ஏறத்தாழ 70 விழுக்காடு உயிர்வளியின் துணையால் கிடைப்பது. எஞ்சிய 30 விழுக்காடே உயிர்வளியின்றி விரைவில் கிடைப்பது. பின்னது புறப்பாட்டிலும் இறுதி விரைவிலும் பெரிதும் உதவும். ஆனால் விரைவில் தீர்ந்து தசைகளைத் தளரச் செய்யும். ஆகவே போட்டியின் பெரும்பகுதியை நடத்திச் செல்வது மூச்சும் இதயமுமே எனலாம்.

பயிற்சி பெறாத நலமிக்க இளைஞர் ஒருவர் நிமிடத்திற்கு ஏறத்தாழ 3 லிட்டர் உயிர்வளியைப் பயன்படுத்த வல்லவர். உலகத்தரம் வாய்ந்த ஆடவர் படகோட்ட வீரரோ 6 லிட்டருக்கும் மேல் பயன்படுத்துகிறார். பிறவி வாய்ப்பு, பல்லாண்டுப் பயிற்சி என இரண்டும் கூடியே இவ்வேறுபாட்டை விளைவிக்கின்றன.

ஆசிரியரின் பணி

அவ்வாறாயின், நாள்தோறும் முழு வேகத்தில் உழைத்தால் வெற்றி கிட்டுமா? கிட்டாது. பயிற்சியின் பெரும்பகுதி, உடன் வருவோரிடம் தடையின்றிப் பேசக்கூடிய மிதமான வேகத்திலேயே அமைய வேண்டும். அப்போதுதான் இதயம் ஒரு துடிப்பில் அனுப்பும் குருதியின் அளவு கூடும். தசைகளில் நுண்குழாய்கள் பெருகும். கடும் பயிற்சி வாரத்தில் சில வேளைகள் போதும். அதன்பின் ஓய்வும் உணவும் உறக்கமும் வேண்டும். விளையாட்டு அறிவியல் விரிவுரையாளர் காதுமடலிலிருந்து ஒரு துளிக் குருதி எடுத்து லாக்டேட்டின் அளவைக் காண்கிறார். இதயத் துடிப்பைக் குறிக்கிறார். இன்று எவ்வளவு போதும் என்று வரையறுக்கிறார். ‘இன்னும் வேகமாக’ என்று முழங்குவது எளிது. ‘இன்று இது போதும்’ என்று சொல்வதற்கே அறிவு வேண்டும். அவ்வறிவு இல்லாதவிடத்து, ஆர்வமிக்க மாணவனே முதலில் காயமுற்றுக் களத்தை விட்டு அகல்கிறான்.

மலை தரும் வரம்

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திலுள்ளது. அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் உள்ளதில் ஆறில் ஐந்து பங்கே. காற்றில் உயிர்வளியின் விகிதம் குறைவதில்லை. அழுத்தம் குறைவதால் ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் அளவு குறைகிறது. மேன்மேலும் உயரத்தில் வாழும்போது சிறுநீரகங்கள் ஒரு சுரப்பின் வாயிலாகச் சிவப்பணுக்களைப் பெருக்கத் தூண்டுகின்றன. இதற்கெனப் பயிற்சியாளர்கள் 2,000 மீட்டருக்கு மேற்பட்ட இடங்களையே பெரிதும் நாடுவர். எனவே மலையில் பிறந்தமை மட்டுமே ஒருவரை வீரராக்கிவிடாது. எனினும் ஏற்ற இறக்கங்களில் நாளும் நடந்து வளர்ந்த கால்களும் இதயமும் நல்ல முதலீடே.

ஆறு இல்லாத ஊரார் படகோட்ட வீரராக முடியுமா என்று ஐயுறுவோர் தத்து பாபன் போகனலின் வரலாற்றை அறிதல் நலம். மகாராட்டிரத்து நாசிக் மாவட்டத்தின் வறட்சி மிக்க சிற்றூரில் பிறந்தவர். தந்தையுடன் கிணறு வெட்டும் வேலை செய்தவர். 2012இல் படையில் சேர்ந்த பின்னரே துடுப்பைப் பற்றினார். 2016 ரியோ ஒலிம்பிக்கில் தனிநபர் போட்டியில் 13ஆம் இடம் பெற்றார். 2018 ஆசிய விளையாட்டில் தனிநபர் இறுதியில் உடல் தளர்ந்து கடைசியாக வந்தார். மறுநாளே நால்வர் படகில் ஏறித் தங்கம் வென்ற அணியில் ஒருவரானார். நீர்வளம் இல்லாத மண்ணில் பிறந்தவரை நீர்மேல் வெற்றி பெறச் செய்தவை, கண்டெடுத்த கண்ணும் கற்பித்த முறையுமே.

தமிழகத்திற்கும் இவ்விளையாட்டில் நெடிய மரபுண்டு. அடையாற்றங்கரையிலுள்ள மெட்ராஸ் போட் கிளப் 1867இல் தோன்றியது. உடற்கல்வி பயில 1920இல் தொடங்கப்பெற்ற சென்னை ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி உண்டு, தமிழ்நாடு உடற்கல்வியியல் மற்றும் விளையாட்டுப் பல்கலைக்கழகமும் உண்டு. மாணவச் செல்வங்களே! பதக்கம் பெறுவோர் சிலரே; அவர்தம் மூச்சையும் குருதியையும் அறிந்து வழிகாட்டும் ஆசிரியர்களோ நமக்குப் பலர் தேவை. பெற்றோரும் பெரியோரும் விளையாட்டைப் படிப்பின் பகையென எண்ணாது, அதுவும் ஒரு படிப்பே என உணர்வாராயின், வெள்ளக்கடையின் மலைச்சரிவில் ஓடித் திரியும் சிறுவனோ சிறுமியோ நாளை அத்தகைய ஆசிரியராக உயரக்கூடும்.