திரையில் உருவாகும் முகம்

களிமண் இல்லாமலும் ஒரு கதைமாந்தரின் முகத்தைச் செதுக்கலாம், கணினி போதும். முதலில் மின்பேனாவால் முகத்தைத் திரையில் வரைந்துகொள்ள வேண்டும். புதிதாக வரைபவர் பலர் கண்களை மிகவும் மேலே வைத்துவிடுவர். உண்மையில், உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் ஏறக்குறைய நடுவில்தான் கண்கள் உள்ளன. கண்ணாடி முன் நின்று அளந்து பாருங்கள்!

அடுத்தது சிற்ப வேலை. இதற்குப் ‘பிளெண்டர்’ எனும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. திரையில் தோன்றும் ஓர் உருண்டைதான் நமக்குக் களிமண். தூரிகைக் கருவியால் அதை இழுத்தால் மூக்கு எழும். அழுத்தினால் கண்குழி விழும். தவறு நேர்ந்தால் ஒரே விசையில் பழைய நிலைக்குத் திரும்பலாம். கல்லில் உளி வைத்த சிற்பிக்கு அந்த வாய்ப்பு ஏது?

சமச்சீர் வசதியை இயக்கினால், வலக்கன்னத்தில் செய்யும் மாற்றம் இடக்கன்னத்திலும் தானாக நிகழும். வேலை பாதியாகக் குறையும். ஆனால், முகம் பொம்மையைப் போல உயிரற்றிருக்கும். மனித முகத்தின் இரு பக்கங்களும் முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை அல்லவா? எனவே, இறுதியில் அவ்வசதியை நிறுத்திவிட்டு, ஒரு புருவத்தை மட்டும் சற்றே உயர்த்துங்கள். அதுவரை வெறித்துப் பார்த்த உருவம், உங்களைச் சந்தேகத்துடன் பார்க்கத் தொடங்கும்.