மணிக்கட்டின் விடுதலை

லூமுட் படகுத்துறையில், பங்கோர்த் தீவுக்குப் புறப்படும் படகை எதிர்நோக்கிப் பிரயாணிகள் கூடத் தொடங்கும் காலை வேளையில், அவர்களை இறக்கிவிட்டு ஊர் திரும்பும் காடிகளின் பக்கம் சற்றே செவி சாய்ப்போமாயின், அலையோசைக்கும் ஆட்களின் கூப்பாட்டுக்கும் இடையே ஒரு சிறிய ஒலி மீண்டும் மீண்டும் எழுவதை அறியலாம். சாவியைத் திருப்பியதும் ஒரு குறுகிய முனகல்; அது அடங்குவதற்குள் எஞ்சினின் உறுமல். இரண்டு மூன்று விநாடிகளில் முடிந்துபோகும் இதை ஓட்டுகிறவர் ஒரு காரியமாகவே எண்ணுவதில்லை. ஆயினும் இதே காரியத்திற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர் வலிமை பொருந்திய ஓர் ஆண்மகனின் தோளும் முதுகும் தேவைப்பட்டன. பல வேளைகளில் அவனுடைய கை எலும்பே அதற்கு விலையாகவும் போயிற்று. அந்தக் கையை விடுவித்த யந்திரத்தின் வரலாறு அமெரிக்காவில் தொடங்கினாலும், பேராக் மாநிலத்துப் பால்மரக் காடுகளில் உழைத்த நம்மவர் வாழ்வோடும் அதற்குத் தொடர்பு உண்டு என்பதனால், அதை இங்கே விரித்துரைக்க விரும்புகிறேன்.

நீராவி யந்திரம் தானாகவே புறப்படும். கொதிகலத்தில் ஆவி முன்னரே அடைபட்டிருப்பதால், குழாயைத் திறந்த மாத்திரத்தில் அது உந்துதண்டைத் தள்ளும். பெட்ரோல் எஞ்சினுக்கு அத்தகைய சேமிப்பு ஏதும் இல்லை. அது முதலில் எண்ணெய் கலந்த காற்றை உள்ளிழுக்க வேண்டும். இழுத்ததைச் சிறு இடத்துள் நெருக்க வேண்டும். அதன் பின்னரே தீப்பொறி பட்டு வெடித்து வேலை செய்யும். இழுப்பதற்கும் நெருக்குவதற்கும் எஞ்சின் ஏற்கெனவே சுழன்றுகொண்டிருக்க வேண்டும். சுழல்வதற்கோ அது முன்னரே வெடித்திருக்க வேண்டும். விதைநெல் இல்லாதவன் அறுவடை காண முடியாதது போல, முதற் சுழற்சியை வெளியிலிருந்து கடனாகப் பெறாத எஞ்சின் இம்மியும் அசையாது.

அந்தக் கடனைத் தொடக்கத்தில் மனிதனின் கையே கொடுத்தது. காடியின் முகப்பில் ஒரு துளை இருக்கும்; வளைந்த இரும்புக் கைப்பிடியை அதில் செருகி, காலை ஊன்றி நின்று, மேல்நோக்கி இழுத்துச் சுழற்ற வேண்டும். இதற்கென்றே சில விதிகள் இருந்தன. கட்டை விரலைக் கைப்பிடியின் மறுபுறம் வளைக்காமல் மற்ற விரல்களோடு ஒரே பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். ஒருபோதும் கீழ்நோக்கி அழுத்தலாகாது. தீப்பொறி விழும் நேரத்தைப் பிந்தவைத்துக்கொண்ட பின்னரே கைவைக்க வேண்டும். இவற்றில் ஒன்று தவறி, உந்துதண்டு உச்சியை எட்டுவதற்கு முன்பே வெடிப்பு நிகழுமாயின், எஞ்சின் பின்னோக்கித் திமிறும். கைப்பிடி மணிக்கட்டை முறித்துவிடும். முன்கையின் ஆரை எலும்பு மணிக்கட்டருகே முறிவதில் ஒரு வகைக்குக் 'காரோட்டியின் முறிவு' என்று இன்றும் வைத்திய நூல்களில் பெயர் வழங்குவது, அந்த நாளில் இது எவ்வளவு சாமானியமான விபத்தாக இருந்தது என்பதற்குச் சான்றாகும்.

இதற்கு மாற்றுத் தேடியோர் பலர். 1896ஆம் ஆண்டிலேயே இங்கிலாந்தில் ஆர்னால்ட் என்னும் காரில் டவுஸிங் என்பவர் மின்மோட்டார் ஒன்றைப் பொருத்திப் பார்த்தார்; 1903இல் அமெரிக்காவில் கிளைட் கோல்மன் மின்சாரத் துவக்கிக்குக் காப்புரிமை பெற்றார். சுருள்வில்லையும் அழுத்தக் காற்றையும் நம்பியோரும் உண்டு. ஆனால் நாள்தோறும் நம்பிப் பிரயோகிக்கத்தக்க உருவம் எதற்கும் வாய்க்கவில்லை. இந்நிலையில் 1908இல் மோட்டார்த் தொழிலதிபர் பைரன் கார்ட்டர் மரணமடைந்தார். வழியில் நின்றுபோன வண்டி ஒன்றுக்கு உதவப்போய்க் கைப்பிடி திருப்பியடித்ததால் நேர்ந்த காயமே அம்மரணத்துக்கு மூலம் என்றும், நண்பரின் முடிவு கண்டு மனம் நொந்த காடிலாக் நிறுவனத் தலைவர் ஹென்றி லீலண்ட், கைப்பிடியே இல்லாத காரைச் செய்வது என்று உறுதிபூண்டார் என்றும் வழிவழியாகச் சொல்லப்படுகிறது.

அந்த உறுதி சார்லஸ் கெட்டரிங் என்னும் இளைஞரிடம் வந்து சேர்ந்தது. 1876இல் ஓஹையோ மாநிலத்தில் பிறந்த இவர், டேட்டன் நகரில் கடைகளின் கல்லாப்பெட்டிகளைச் செய்யும் நிறுவனத்தில் பணியாற்றியபோது, அப்பெட்டியைத் திறப்பதற்குச் சிறு மின்மோட்டாரைப் பொருத்தியவர். 1909இல் தம் சகா எட்வர்ட் டீட்ஸுடன் சேர்ந்து டெல்கோ என்ற நிறுவனத்தைத் தொடங்கியிருந்தார். எஞ்சினைச் சுழற்றவல்ல மோட்டார் எஞ்சினளவு பெரிதாக இருந்தாக வேண்டும் என்பதே அக்கால எண்ணத்துக்குக் குறுக்கே நின்ற மலை. ஓயாது சுமை இழுக்கும் மோட்டாருக்கு அது முற்றிலும் உண்மை. ஆனால் கல்லாப்பெட்டி கெட்டரிங்குக்கு வேறொரு பாடம் கற்பித்திருந்தது. பெட்டியின் மோட்டார் ஒரு கணம் பெருஞ்சுமையைத் தாங்கிவிட்டு நெடுநேரம் ஓய்ந்திருக்கும். கம்பிகள் சூடேறிக் கருகுவதற்கு முன்பே வேலை முடிந்துவிடும். எஞ்சினைக் கிளப்பும் வேலையும் கனமானது, ஆனால் குறுகியது என்பதை அவர் கண்டார். பிரச்சினையைத் தீர்த்தது புதிய உலோகமுமன்று, புதிய விதியுமன்று. வேலையின் தன்மையைச் சரியாக அளந்தறிந்த பார்வையே.

1911இல் ஒப்படைக்கப்பட்ட அவ்வமைப்பு, 1912ஆம் ஆண்டுக்குரிய காடிலாக் கார்களில் இடம்பெற்றது. ஒரே யந்திரம், புறப்படும்போது பேட்டரியின் மின்சாரத்தால் எஞ்சினைச் சுழற்றும் மோட்டாராகவும், புறப்பட்ட பின் எஞ்சினால் சுழற்றப்பட்டுப் பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அளிக்கும் டைனமோவாகவும் இருந்தது. வாங்கிய கடனை வாங்கியவனே அடைத்துவிடும் நேர்மையான ஏற்பாடு அது! பிரிட்டிஷ் ராயல் ஆட்டோமொபைல் கிளப் இதற்காகக் காடிலாக்குக்கு டூவர் கோப்பையை வழங்கிச் சிறப்பித்தது.

இனி, இன்றைய ஸ்டார்ட்டரின் உள்ளே நடப்பதைக் காண்போம். சாவி திரும்பியதும் முதலில் விழித்துக்கொள்வது சொலினாய்டு எனப்படும் மின்காந்த விசை. அது இரண்டு பணிகளை ஏககாலத்தில் செய்கிறது: ஏறத்தாழ பத்துப் பற்கள் கொண்ட சிறு சக்கரத்தை முன்னே தள்ளி, எஞ்சினின் கனச்சக்கரத்தைச் சூழ்ந்துள்ள நூற்றுக்கு மேற்பட்ட பற்களில் கோத்துவிடுகிறது, அதே அசைவில் பேட்டரிக்கும் மோட்டாருக்கும் இடையிலுள்ள தடித்த இணைப்பை மூடுகிறது. உடனே 150 ஆம்பியர் அளவுக்கு, சில வேளை அதற்கும் மேலாக, மின்னோட்டம் பாய்கிறது. அத்தனை பாயும்போது 12 வோல்ட் பேட்டரி 10 வோல்ட் அளவுக்குத் தாழ்ந்துவிடும். அப்படியும் 1,500 வாட், அதாவது இரண்டு குதிரைகளின் ஆற்றல், உள்ளங்கைகள் இரண்டினுள் அடங்கும் மோட்டாருக்குக் கிடைக்கிறது. மோட்டார் அசையாமல் நிற்கும்போதுதான் அதன் முறுக்குவிசை உச்சத்தில் இருக்கும் என்பது இங்கே நமக்கு வாய்த்த பேறு. எஞ்சின் மிகப் பிடிவாதமாக நிற்கும் அக்கணத்திலேயே மோட்டார் மிக வலிமையோடு முட்டுகிறது.

எஞ்சின் உயிர்பெற்ற மறுகணமே சிறு சக்கரம் விலகியாக வேண்டும். விலகாமற்போனால் என்ன ஆகும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள். பற்களின் விகிதம் 14 என்று கொள்வோம். எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 முறை சுழன்றால் மோட்டார் 42,000 முறை சுழல நேரிடும். அதன் செப்புக் கம்பிகள் சிதறித் தெறித்துவிடும். இதைத் தடுக்க, வின்சென்ட் பெண்டிக்ஸ் வகுத்த திருகுமுறைச் சக்கரம் முற்காலத்தில் பயன்பட்டது. எஞ்சினின் வேகம் மிஞ்சியதும் அந்தச் சக்கரம் திருகின் மேல் தானே பின்னோக்கி ஓடிவிடும். இன்றோ ஒரே திசையில் மட்டும் பற்றும் கிளட்ச் அக்காவலைச் செய்கிறது. 1930களில் அதே பெண்டிக்ஸ் பெயரால் ஸ்டார்ட்டிக்ஸ் என்ற கருவி வந்தது. வழியில் எஞ்சின் அணைந்துபோனால், ஓட்டுகிறவர் ஏதும் செய்யாமலே அதை மீண்டும் கிளப்பிவிடும். சாவியைத் திருப்பியே எஞ்சினைக் கிளப்பும் வழக்கத்தை 1949இல் கிரைஸ்லர் புகுத்தியது.

கடலோரத்தில் வாழும் லூமுட்வாசிகள் இவற்றோடு இன்னொன்றையும் அறிந்திருத்தல் நலம். சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுழலாமல் 'டக் டக் டக்' என்று தொடர்ந்து தட்டும் ஒலி மட்டும் கேட்பதுண்டு. சொலினாய்டு இழுத்துப் பற்களைக் கோக்கிறது, மோட்டார் மின்சாரத்தை வாரிக்கொள்ளும் கணத்தில் வோல்ட் அளவு சரிகிறது, சொலினாய்டு பிடியை விடுகிறது, சுமை நீங்கியதும் வோல்ட் ஏறுகிறது, மீண்டும் இழுக்கிறது. அதுவே அந்தத் தட்டொலி. பேட்டரி சோர்ந்திருக்கலாம், அல்லது உப்புக்காற்றிலும் அமிலக் கசிவிலும் அதன் முனைகள் பூத்துப்போயிருக்கலாம். பூப்பின் மின்தடை ஓர் ஓமில் நூற்றில் ஒரு பங்கே ஆயினும், 150 ஆம்பியர் பாயும்போது 1.5 வோல்ட் அங்கேயே வீணாகிவிடும். ஆகவே புதுப் பேட்டரி வாங்கப் புறப்படுமுன் முனைகளைக் கழற்றித் துலக்கி இறுக்கிப் பார்ப்பது உத்தமம். குளிர் நாடுகளில் பேட்டரியின் உடனடி வலிமை குன்றும். நம் நாட்டு வெப்பத்திலோ அதன் ஆயுளே குன்றும். எஞ்சின் கிளம்பாவிடில் பத்து விநாடிக்கு மேல் சாவியைப் பிடித்திராமல், சற்று ஓய்வு கொடுத்துவிட்டு மறுபடி முயலவேண்டும் என்பதும் கெட்டரிங் கண்ட அதே உண்மையிலிருந்து பிறந்த விதிதான். கம்பிகளுக்கு நீண்ட சுமை ஆகாது.

இந்த யந்திரம் நம் மண்ணோடு எவ்வாறு பிணைந்தது? 1877இல் கோலகங்சாரில் நடப்பட்ட ஒன்பது பால்மரக் கன்றுகளிலிருந்து பேராக்கின் ரப்பர் வரலாறு தொடங்குகிறது. அமெரிக்காவில் 1910இல் 5 லட்சத்தை எட்டாதிருந்த மோட்டார் வாகனங்கள் 1920இல் 90 லட்சத்தைக் கடந்தன. அதற்கு முதற்காரணம் ஃபோர்டு செய்த மலிவான கார் என்பதில் ஐயமில்லை. அந்தக் காருக்கு மின்சாரத் துவக்கி 1919இல்தான் வந்தது. எனினும் உடல்வலிமை இல்லாதோரும், முதியோரும், பெண்களும் பிறர் துணையின்றிக் காரை எடுத்துச் செல்லலாம் என்ற நிலையைத் துவக்கியே ஏற்படுத்தியது. வாகனம் பெருகப் பெருக டயர் பெருகிற்று. டயருக்குப் பால் மலாயாவிலிருந்து சென்றது. துவக்கிக்கு உயிர்நிலையான பேட்டரியின் கரிய பெட்டியும், ரப்பரோடு மிகுதியாகக் கந்தகம் சேர்த்துக் காய்ச்சி இறுக்கிய எபோனைட்டினால் நெடுங்காலம் செய்யப்பட்டது. அமிலம் அதை அரிக்காது, மின்சாரம் அதனூடே பாயாது.

அந்தப் பாலை எடுத்த கைகள் யாருடையவை என்பதை நாம் அறிவோம். 1910இல் ஒப்பந்தக் கூலிமுறை ஒழிந்த பின்னரும் கங்காணிகளின் வழியாகத் தமிழகத்து ஊர்களிலிருந்து வந்தவர்கள், விடியுமுன்னே பிரட்டு என்னும் பெயரழைப்புக்கு நின்று, தமக்குரிய மர வரிசையான நிரைக்குச் சென்று, மரத்துக்கு மரம் பட்டையைச் சீவிப் பால் ஏந்தும் மங்கைப் பொருத்தினார்கள். குளிர்ந்த வேளையில் மரத்தினுள் நீரழுத்தம் மிகுந்திருக்கும், பால் நன்றாக ஒழுகும் என்பதனாலேயே அந்த இருள்நேரப் புறப்பாடு. டேட்டன் நகரத்து யந்திரம் காரோட்டியின் மணிக்கட்டை விடுவித்த அதே காலத்தில், அந்த விடுதலை பெருக்கிய தேவை நம் முன்னோரின் மணிக்கட்டுகளை மேலும் மேலும் மரத்தடிக்கு அழைத்தது.

இன்று காலம் ஒரு சுற்றுச் சுற்றி வந்திருக்கிறது. 2016இல் வந்த பெரோடுவா பெஸ்ஸாவின் உயர்ந்த வகையில், சாலைவிளக்கில் நின்றால் எஞ்சின் தானே அணைந்து, புறப்படும் வேளையில் தானே கிளம்பும் ஏற்பாடு அமைந்தது. கலப்பின வாகனங்களிலோ, மோட்டாரும் டைனமோவும் ஒன்றேயான 1912ஆம் ஆண்டின் எண்ணமே புதுவடிவில் திரும்பியிருக்கிறது. முழு மின்காருக்குத் துவக்கியே தேவையில்லை. அதன் மோட்டார், நீராவி யந்திரத்தைப் போல, நின்ற இடத்திலிருந்தே புறப்படும்.

ஆனால் பால்வெட்டும் கத்தி இன்னும் பெரும்பாலும் மனிதக் கையிலேயே இருக்கிறது. லூமுட்டிலிருந்து சித்தியவான், ஆயர் தாவார் பக்கம் செல்லும் சாலையின் இருமருங்கிலும் செம்பனை ஓங்கிவிட்டபோதிலும், எஞ்சிய பால்மரங்களில் இன்றும் விடியற்காலையில் ஒருவர் குனிந்து நின்று வெட்டுகிறார். ஒவ்வொரு வெட்டிலும் பட்டையில் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே சீவவேண்டும். கத்தி சற்று ஆழ்ந்து பட்டைக்கு அடியிலுள்ள வளர்படையைத் தீண்டினால் மரம் காயப்பட்டுவிடும். மரத்துக்கு மரம் பட்டையின் பருமனும் வளைவும் மாறும். கெட்டரிங்கின் முன் நின்ற வேலை கனமானது, ஆனால் குறுகியது, ஒரேவிதமானது. பால்வெட்டுவோர் முன் நிற்கும் வேலை இலேசானது, ஆனால் முடிவற்றது. நூற்றுக்கணக்கான மரங்களில் நூற்றுக்கணக்கான விதமானது. முன்னதை ஒரு சிறு மோட்டார் ஏற்றுக்கொண்டு நூறாண்டுக்கு மேலாயிற்று. பின்னதை அளந்தறிந்து ஏற்கவல்ல யந்திரம் இன்னும் தோட்டந்தோறும் வந்துசேரவில்லை. படிக்காதவர் செய்யும் எளிய வேலை என்று உலகம் எண்ணியிருந்த அந்தக் கைத்தொழிலுக்குள் எத்துணை நுட்பமான அறிவு உறைந்திருக்கிறது என்பதை, அதைக் கற்றுக்கொள்ள யந்திரங்கள் படும் பாடே இன்று நமக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறது.