மனை இலவசம், வழிச்செலவு நம் தலையில்

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கல்வராயன் மலை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் ஒரு காலனி. ஊர்ப்பெயர் வேண்டாம். இந்த மாவட்டத்தில் பாதிக் காலனிகளுக்கு இந்தக் கதை பொருந்தும். காலை ஆறே முக்காலுக்கு ஒரு டவுன் பஸ். அதை விட்டால் பத்தரைக்குத்தான் அடுத்தது. அந்த பஸ்ஸும் காலனிக்குள் வராது. இரண்டு கிலோமீட்டர் நடந்து மெயின் ரோட்டுக்கு வர வேண்டும்.

நகரத்தில் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் ஒரு அக்காவிடம் கேட்டேன். "பொம்பளைங்களுக்குத்தான் 2021இலிருந்து டவுன் பஸ் இலவசமாச்சே, உங்களுக்கென்ன செலவு?" அவர் சிரித்தார். "பஸ்ஸு இலவசந்தான் தம்பி. பஸ்ஸு நிக்கிற எடத்துக்குப் போவத்தான் காசு." மழைக்காலத்திலும் இருட்டிய பிறகும் ஷேர் ஆட்டோ. போக 20 ரூபாய், வர 20 ரூபாய். மாதம் 26 நாள் போய்வந்தால் 1,040 ரூபாய். இலவசப் பயணத்துக்கு ஆகும் செலவு இது.

அவருடைய வீட்டைக் குறை சொல்ல முடியாது. அவர் பெயரிலேயே பட்டா. மூன்று சென்ட் மனையில் கான்கிரீட் வீடு. ஒழுகும் கூரைக்கடியில் குண்டா வைத்து மழைத்தண்ணீர் பிடித்த தலைமுறைக்கு அந்த வீடு எவ்வளவு பெரிது என்று எனக்குத் தெரியும். கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் இப்போது 360 சதுர அடி வீட்டுக்கு மூன்றரை லட்சம் ரூபாய் தருகிறார்கள். வரவேற்க வேண்டியதுதான். ஆனால் வீடு எப்படி இருக்கிறது என்று கேட்பவர்கள், வீடு எங்கே இருக்கிறது என்று கேட்பதில்லை.

அதே தெருவில் ஒரு கொத்தனார் தம்பி. வேலைக்குத் தினமும் போக 20, வர 20, ஆக 40 கிலோமீட்டர். பழைய வண்டி லிட்டருக்கு 50 கொடுத்தாலும், பெட்ரோல் நூறு ரூபாயைத் தாண்டி நிற்கும் இந்தக் காலத்தில் ஒரு நாளைக்கு 80 ரூபாய்க்கு மேல். மாதம் 2,000 ரூபாய்க்கு மேல். வண்டிக்கு டியூ 3,000. ஆக, மனைக்குக் காசு கொடுக்காத அந்தக் குடும்பம், வேலைக்குப் போய்வர மட்டும் மாதம் 5,000 ரூபாய் கட்டுகிறது. நகரத்தில் ஓர் அறை வாடகைக்கு எடுத்திருக்கலாமே என்று கேட்கலாம். எந்தத் தெரு என்று கேட்டுவிட்டு வீடு இல்லை என்பவர்களிடம் நாம் எத்தனை முறைதான் போய் நிற்பது?

அந்த வீட்டில் ஐந்து பேர். வண்டி ஒன்று. விடிந்ததும் அவர் எடுத்துக்கொண்டு போய்விட்டால் மீதி நான்கு பேருக்கும் கால்தான் வண்டி. ரேஷன் மூட்டை, பிள்ளையின் காய்ச்சல், கிழவியின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அவர் திரும்பும்வரை காத்திருக்கும். கல்லூரியில் சேர்ந்த மகள் மாலைச் சிறப்பு வகுப்பில் உட்காருவதில்லை. கடைசி பஸ் போய்விடும் என்ற பயம். அவளுடைய மதிப்பெண் பட்டியலில் பஸ் நேரமும் சேர்ந்தே எழுதப்படுகிறது.

இவ்வளவு தொலைவில் ஏன் மனை கொடுத்தார்கள்? ஆதிதிராவிடர் நலத்துக்கு நிலம் எடுக்கத் தமிழ்நாட்டில் 1978இலேயே தனிச் சட்டம் வந்தது. சட்டம் கையில் இருந்தும், ஊரை ஒட்டி நிலம் எடுக்கப் போனால் நிலக்காரர் மறுப்பார், நீதிமன்றம் போவார். வழக்கு பத்து வருடம் இழுக்கும். எதிர்ப்பு வராத இடம் எது என்று தேடுவார்கள். ஏரிக்கரை ஓரம், சுடுகாட்டுப் பக்கம், பாறைக்காடு. அங்கே மனை பிரித்துக் கல் நட்டு பட்டா கொடுத்தால் கணக்கு முடிந்தது. மனைக்குப் பட்டா உண்டு, மனைக்குப் போகும் வழிக்கு இருக்காது. வண்டிப்பாதை இன்னொருவர் பட்டாவில் போகும். அவர் முள்ளை வெட்டிப் போட்டால் 108 வண்டி அங்கேயே நின்றுவிடும்.

சென்னையில் இதையே பெரிய அளவில் பார்த்தோம். கூவம், அடையாறு கரைகளில் இருந்த நம் மக்களை 2000ஆம் ஆண்டிலிருந்து கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் என்று நகரத்தின் விளிம்புக்குக் கொண்டுபோனார்கள். கூரை கெட்டியானது. வீட்டு வேலைக்குப் போன பெண்களுக்கு நடந்துபோகும் தூரத்தில் இருந்த வேலை, பல மணி நேர பஸ் பயணமானது. பலர் வேலையை விட்டார்கள்.

அமெரிக்காவிலும் 1947இல் நியூயார்க்குக்கு வெளியே லெவிட்டவுன் என்று ஒரு புறநகரைக் கட்டினார்கள். நடுத்தரக் குடும்பம் வாங்கக்கூடிய விலையில் ஆயிரக்கணக்கான வீடுகள். கார் இல்லாமல் அங்கே வாழ்க்கை ஓடாது. கறுப்பர்கள் குடியிருக்கக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். அங்கே மலிவான வீட்டுக்குள் விடாமல் ஒதுக்கினார்கள். இங்கே மலிவான வீட்டைக் கொடுத்து ஒதுக்குகிறார்கள். யார் எங்கே குடியிருக்க வேண்டும் என்பதை இரண்டு இடத்திலும் அடுத்தவர்தான் முடிவு செய்தார்.

வழி என்பது நமக்குப் புதிய சண்டை அல்ல. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் நமக்கு உரிமை உண்டு என்று 1924இல் சென்னை சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். ஆதிதிராவிடரை பஸ்ஸில் ஏற்ற மறுத்தால் உரிமம் ரத்து என்று இராமநாதபுரம் ஜில்லா போர்டு தலைவராக இருந்து உத்தரவு போட்டவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். முன்னவர் சாலையைத் திறந்தார். பின்னவர் பஸ்ஸின் கதவைத் திறந்தார். அந்த பஸ் நம் தெருவரைக்கும் வர வேண்டும் என்பதுதான் மிச்சமிருக்கும் வேலை.

தொண்ணூறுகளில் நான் பள்ளிக்குப் போன வழி ஊர்த்தெரு வழியாகத்தான் போனது. அங்கே சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். தெரு முடிந்ததும் ஏறி மிதிக்கலாம். இன்று எங்கள் தம்பிகள் அதே தெருவில் வண்டியில் ஏறி உட்கார்ந்தபடி போகிறார்கள். அந்த வண்டி எங்களுக்கு வெறும் இரும்பு அல்ல. அதனால்தான் டியூ கட்ட முடியாமல் வண்டி பிடிபடும்போது வீட்டில் எழவு விழுந்தது போல் இருக்கிறது.

மலைக்கு மேலே நிலைமை இன்னும் கடினம். கல்வராயன் மலை 1976 வரை ஜாகீர்தார்களின் பிடியில் இருந்தது. வெள்ளிமலையில் தாலுகா அலுவலகம் வந்துவிட்டது. உள்கிராமங்களுக்கு நல்ல சாலை இன்னும் வந்து சேரவில்லை. மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை கீழே சிறுவங்கூரில். உள்கிராமத்து மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு வலி எடுத்தால் முதல் கேள்வி டாக்டர் யார் என்பதல்ல, வண்டி யாரிடம் இருக்கிறது என்பதுதான். மலை மக்களின் அடிப்படை வசதிகள் குறித்து 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுக்க வேண்டியிருந்தது.

நகரத்துக்குள் இருந்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் சொல்லவில்லை. 2024 ஜூன் மாதம் விஷச்சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதில் அதிகம் பறிகொடுத்த கருணாபுரம் கள்ளக்குறிச்சி நகரத்துக்குள்தான் இருக்கிறது. நீதிமன்றமும் காவல் நிலையமும் கூப்பிடு தூரம். பக்கத்தில் இருப்பது வேறு, கண்ணில் படுவது வேறு. தூரத்தில் இருப்பவன் கண்ணிலேயே படமாட்டான் என்பது அடுத்த அநீதி.

என்ன செய்யலாம்? தொடக்கப் பள்ளி ஒரு கிலோமீட்டருக்குள், நடுநிலைப் பள்ளி மூன்று கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று கல்வி உரிமைச் சட்ட விதி அளவு வைத்திருக்கிறது. மனை எடுக்கும்போதும் அப்படி ஓர் அளவு வேண்டும். பஸ் நிறுத்தம், பள்ளி, சுகாதார நிலையம், ரேஷன் கடை எவ்வளவு தூரம் என்று எழுதாமல் எந்த நிலத்தையும் தேர்வு செய்யக் கூடாது. வழிக்கும் சேர்த்து நிலம் எடுக்காமல் பட்டா கொடுக்கக் கூடாது.

ஏற்கெனவே குடியேறிவிட்ட நமக்கு பஸ்தான் தீர்வு. 2025இல் தொடங்கிய புதிய மினி பஸ் திட்டம் 25 கிலோமீட்டர் வரையிலான தடங்களுக்கு இடம் தருகிறது. நம் காலனி அந்தத் தடத்தில் இருக்கிறதா என்று கேட்க வேண்டியவர்கள் நாம்தான். ஆண்டுக்கு ஆறு முறை கிராம சபை கூடுகிறது. திங்கள்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் மனு வாங்குகிறார்கள்.

படிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன். ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். பஸ் எத்தனை மணிக்கு வந்தது, காலனியிலிருந்து எத்தனை பேர் நடந்து வந்தார்கள், எத்தனை பேர் தவறவிட்டார்கள், ஆட்டோவுக்கு எவ்வளவு கொடுத்தார்கள். பெரியவர்களிடம் கையெழுத்து வாங்கி அந்தக் கணக்கை மனுவோடு சேருங்கள். "பஸ் வசதி வேண்டும்" என்ற ஒரு வரி மனுவை ஓரமாக வைத்துவிடலாம். பெயரும் தேதியும் ரூபாயும் உள்ள கணக்குக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

அந்த அக்காவிடம் இதைச் சொன்னேன். "எழுதறதுக்கு எம்பொண்ணு இருக்கா தம்பி," என்றார். "ஆனா கிராம சபை எங்கயோ ஊர்ல இல்ல நடக்குது. அதுக்கும் ஆட்டோதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு அவரே சொன்னார்: "பரவால்ல, அதுக்கு ஒரு நாளு குடுத்துக்கலாம்."